டெலிபோன் வழியே செல்லும் ஒலிப்பதிவு

வயல் வரப்பில் நிற்கும் விவசாயி ஒருவர் கைபேசியைக் காதருகே வைத்துக் கேட்கிறார். மறுமுனையில் மனிதர் எவரும் இல்லை; ஆயினும் ஒரு குரல் பேசுகிறது. பயிர்ப் பாதுகாப்பைப் பற்றி அறிய ஒன்று என்ற எண்ணை அழுத்துமாறும், உரங்களைப் பற்றி அறிய இரண்டை அழுத்துமாறும் அது கூறுகிறது. இத்தகைய குரல் அறிவிப்புகள் நமது நாட்டில் இன்று சாதாரணமாகிவிட்டன. மத்திய சுகாதார அமைச்சகம் 2016-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் தொடங்கிய கில்காரித் திட்டத்தில், கருவுற்ற நான்காம் மாதம் முதல் குழந்தைக்கு ஓராண்டு நிறைவு பெறும் வரை, வாரம் ஒன்றாக 72 செய்திகள் தாய்மாரின் டெலிபோனுக்கு அனுப்பப்படுகின்றன. இவை யாவும் முன்னரே ஒலிப்பதிவு அறையில் பேசி வைக்கப்பட்ட குரல்களே.

எழுத்தறியாதவரையும் எட்டக்கூடிய இம்முறையின் பயன் வெளிப்படை. ஆயின், அச்சிட்ட பிரசுரத்தில் ஓர் எழுத்து மங்கினால் மறுபடியும் உற்றுப் பார்க்கலாம். காதில் விழுந்த சொல் மங்கினால் கேட்டவர் தமக்குத் தோன்றியதையே பொருளாகக் கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன் நெற்பயிருக்கான செய்திகள் சிலவற்றைத் தமிழாக்கும் பணி இக்கட்டுரையாளருக்குக் கிடைத்தது. நெல்லில் துத்தநாகக் குறைவை நீக்க ஹெக்டேருக்கு 25 கிலோ ஜிங்க் சல்பேட் இட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. பதிவு அறையில் கேட்டபோது ஒவ்வோர் எழுத்தும் மணி போல் ஒலித்தது. செய்தி வெளியான இரண்டாம் வாரத்தில் கிராம ஊழியர் ஒருவர், "வயலுக்கு இடச் சொன்னது சல்பேட்டா, பாஸ்பைடா என்று கேட்கிறார்கள்" என்று எழுதியிருந்தார். ஜிங்க் பாஸ்பைடு எலிகளைக் கொல்லும் நஞ்சு என்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. நல்ல வேளையாக அவர் கேட்டுத் தெரிந்துகொண்டதால் தீங்கு ஒன்றும் நேரவில்லை. பதிவு அறையில் தெளிவாயிருந்த சொல் வரப்பை அடையுமுன் எங்கே மங்கியது என்று விசாரித்தபோதுதான், ஒலிப்பதிவுகளை டெலிபோனுக்கேற்ற வடிவத்திற்கு மாற்றும் கலையில் எத்தனை நுட்பங்கள் உள்ளன என்பது எனக்கு விளங்கிற்று.

ஒலி எண்ணாகும் விதம்

ஒலி என்பது காற்றில் உண்டாகும் அதிர்வு. மனிதனின் காது விநாடிக்கு ஏறத்தாழ 20 அதிர்வுகள் முதல் 20,000 அதிர்வுகள் வரை உணரவல்லது. ஒலிவாங்கி இவ்வதிர்வை மின்சார ஏற்றத் தாழ்வாக மாற்றுகிறது. அந்த ஏற்றத் தாழ்வைக் குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து எண்களாகக் குறித்துவைப்பதே எண்முறை ஒலிப்பதிவு. நோயாளியின் உடற்சூட்டை மணிக்கொரு முறை அளந்து அட்டையில் குறிக்கும் செவிலியின் வேலையை இதற்கு ஒப்பிடலாம். இங்கே அளவு விநாடிக்குப் பல்லாயிரம் முறை எடுக்கப்படுகிறது.

எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்? பதிவு செய்ய விரும்பும் மிக உயர்ந்த அதிர்வின் இருமடங்குக்கு மேல் அளக்க வேண்டும் என்பது விதி. 1928-இல் ஹாரி நைக்விஸ்ட் வெளியிட்ட ஆராய்ச்சியும், 1949-இல் கிளாட் ஷானன் வெளியிட்ட கட்டுரையும் இவ்விதிக்கு ஆதாரமானவை. 20,000 அதிர்வு வரை பதிய வேண்டுமாதலால், இசைத்தட்டுக் குறுவட்டுகளில் விநாடிக்கு 44,100 அளவுகள் எடுக்கப்படுகின்றன. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண், அதாவது 65,536 படிகளில் ஒன்று. இடம், வலம் என இரு தடங்கள் இருப்பின், ஒரு நிமிடப் பதிவுக்கு 1,05,84,000 பைட் தேவைப்படுகிறது. ஒரே தடமாயின் அதிற் பாதி.

இதைச் சுருக்க இருவழிகள் உண்டு. ஒன்று, எதையும் இழக்காமற் சுருக்குவது. மற்றொன்று, கேட்பவருக்கு அவசியமில்லை என்று கருதப்படுவதை விலக்கிவிடுவது.

இழப்பின்றிச் சுருக்கும் முறையை ஆசிரியர்கள் கரும்பலகையிலேயே விளக்கிக் காட்டலாம். அடுத்தடுத்த ஐந்து அளவுகள் 1000, 1012, 1025, 1037, 1048 என்று வைத்துக்கொள்வோம். ஐந்தையும் முழுமையாக எழுதுவதற்குப் பதிலாக முதல் இரண்டை மட்டும் எழுதுவோம். முன்பு எவ்வளவு உயர்ந்ததோ அவ்வளவே இனியும் உயரும் என்று ஊகித்தால், மூன்றாவது எண் 1024 ஆக வேண்டும். உண்மை 1025, எனவே பிழை 1. நான்காவதற்கு ஊகம் 1038, பிழை கழித்தல் 1. ஐந்தாவதற்கு ஊகம் 1049, பிழை மீண்டும் கழித்தல் 1. ஆகவே 1000, 1012 என்ற இரு எண்களையும், 1, −1, −1 என்ற மூன்று சிறு பிழைகளையும் குறித்தாற் போதும். பெறுபவர் அதே ஊக முறையைக் கையாண்டு, பிழையைக் கூட்டிக் கழித்து, ஐந்து எண்களையும் ஒன்றுகூட மாறாமல் திரும்பப் பெறுவார். ஜோஷ் கோல்சன் என்பவர் உருவாக்கி 2001-இல் முழு வடிவில் வெளிவந்த ஃப்ளாக் என்னும் முறை பெரும்பாலும் இத்தத்துவத்தின்படியே இயங்குகிறது. இதனால் கோப்பின் அளவு மூலத்தின் பாதி அல்லது அதற்குச் சற்று மேலான அளவுக்குக் குறைகிறது. சுருக்கிய பதிவை விரித்தால் மூலமும் அதுவும் பிட்டுக்குப் பிட்டு ஒன்றாயிருக்கும். துணியை மடித்துப் பெட்டியில் வைத்துப் பின்னர் விரிப்பது போன்றது இது. நூல் ஒன்றும் அறுவதில்லை.

டெலிபோனின் குறுகிய வாயில்

டெலிபோன் கம்பி இத்தனை எண்களையும் ஏற்பதில்லை. பேச்சை விளங்கிக்கொள்வதற்கு விநாடிக்கு 300 அதிர்வு முதல் 3,400 அதிர்வு வரையுள்ள பகுதியே போதுமானது என்று டெலிபோன் எஞ்சினீயர்கள் நெடுங்காலத்திற்கு முன்பே முடிவு செய்தனர். ஆண்களின் குரல் நாண் சாதாரணமாக விநாடிக்கு நூறு முதல் நூற்றைம்பது முறை அதிர்கிறது. அது 300-க்குக் கீழ்ப்பட்டதால் டெலிபோனில் வருவதே இல்லை. ஆயினும் ஆண் குரல் ஆண் குரலாகவே கேட்கிறது. அடிப்படை அதிர்வின் இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கான அதிர்வுகள் வந்து சேர்வதைக் கொண்டு நம் மூளை வராத ஒன்றைத் தானே வருவித்துக்கொள்கிறது. காது ஏமாறுகிறது என்று இதைச் சொல்வதா, கண்டுபிடிக்கிறது என்று சொல்வதா என்பது வாசகர் விருப்பம்.

மேற்பகுதியின் கதை வேறு. ஸ், ஷ், ஃப் போன்ற சீறொலிகளின் வலிமை பெரும்பாலும் 3,400-க்கு மேல்தான் இருக்கிறது. அங்கே வெட்டப்பட்டதை மூளை வருவித்துக்கொள்ள இயலாது. ஆங்கிலப் பெயர்களை டெலிபோனிற் கூறும்போது எஸ் என்ற எழுத்தும் எஃப் என்ற எழுத்தும் அடிக்கடி மாறிக் கேட்பது எல்லோரும் அறிந்த அனுபவமே. தமிழ்ச் சொற்களில் இவ்வொலிகள் குறைவு. ஆயினும் உரங்கள், மருந்துகள், பூச்சிகொல்லிகள் ஆகியவற்றின் பெயர்கள் பிறமொழிச் சொற்களாகவே வழங்குவதால், ஆபத்து சரியாக அவ்விடத்திலேயே வந்து சேர்கிறது. சல்பேட்டையும் பாஸ்பைடையும் பிரித்துக் காட்டும் குறிகளுள் முக்கியமான ஒன்று முதல் எழுத்தின் சீற்றம்தான்.

3,400 வரை போதுமாதலால் விநாடிக்கு 8,000 அளவுகள் எடுத்தால் அமையும். பேச்சை இவ்வாறு எண்களாக அனுப்பலாம் என்ற எண்ணத்தை முதன்முதலில் முன்வைத்தவர் பாரிஸ் நகரில் பணிபுரிந்த ஆங்கில எஞ்சினீயர் அலெக் ரீவ்ஸ். 1938-இல் பிரான்ஸில் அதற்கு உரிமை பதிவு செய்தார். அக்காலத்து வால்வுகளைக் கொண்டு அதைச் சிக்கனமாக நடத்த வழியில்லை. டிரான்ஸிஸ்டர் வந்த பின்னர், 1962-இல் அமெரிக்காவின் பெல் நிறுவனம் ஒரே இணைப்பில் 24 பேச்சுகளை எண்களாக அனுப்பும் ஏற்பாட்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

பொன் தராசும் விறகுத் தராசும்

8,000 அளவுகளையும் 16 பிட் எண்களாகவே வைத்துக்கொண்டால் செலவு அதிகம். 8 பிட் எண்ணாகக் குறைத்தால் 256 படிகளே மிஞ்சும். உரத்த பேச்சுக்கு அது போதும். ஆனால் மெல்லிய ஒலிகள் இரண்டொரு படிகளுக்குள் அடங்கி, கரகரப்பில் மறைந்துவிடும். சொல்லின் கடைசி எழுத்து பெரும்பாலும் மெல்லியதாகவே ஒலிப்பதால் இக்குறை பொறுக்கத்தக்கதன்று.

இதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட தீர்வு எளிதும் அழகுமானது. பொன் நிறுக்கும் தராசு குன்றிமணி எடையைக் காட்டும். விறகு நிறுக்கும் தராசில் கால் கிலோ கூடினும் குறையினும் எவரும் கவலைப்படுவதில்லை. பொருள் பெரிதாகப் பெரிதாக அளவின் பிழையும் பெரிதாயிருக்கலாம் என்பதே உலக வழக்கு. காதும் அவ்வாறே செயற்படுகிறது. ஆகவே மெல்லிய ஒலிக்கு நெருக்கமான படிகளும், உரத்த ஒலிக்கு அகன்ற படிகளும் அமைக்கப்பட்டன. நமது நாட்டிலும், ஐரோப்பாவிலும், உலகின் பெரும்பகுதியிலும் வழங்கும் ஏ விதி என்னும் முறையில், நேர்ப்பக்கம் 128, எதிர்ப்பக்கம் 128 எனப் படிகள் உள்ளன. ஒவ்வொரு பக்கமும் பதினாறு படிகள் கொண்ட எட்டுத் தொகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. முதல் இரண்டு தொகுதிகளில் படியின் அகலம் ஒன்றே. அதற்குப்பின் தொகுதிக்குத் தொகுதி அது இருமடங்காகிறது. எட்டாம் தொகுதியின் படி முதலாவதைப் போல் 64 மடங்கு அகலமுடையது. இதனால் 8 பிட் எண்களைக் கொண்டே மெல்லிய ஒலிகள் 13 பிட் எண்ணுக்கு ஒப்பான நுட்பத்தைப் பெறுகின்றன.

அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மியூ விதி என்ற வேறொரு வகுப்பு முறை வழங்குகிறது. இரண்டையும் ஜி.711 என்ற பெயரால் சர்வதேசத் தந்தி டெலிபோன் ஆலோசனைக் குழு 1972-இல் ஏற்றுக்கொண்டது. ஒன்றன்படி எழுதிய கோப்பை மற்றொன்றன்படி ஒலிக்கச் செய்தால் கரகரப்பு மிகுந்து பேச்சு அரைகுறையாகவே விளங்கும். வெளிநாட்டுக் குறிப்புகளைப் பார்த்து மாற்றுவோர் மியூ விதியைத் தேர்ந்துவிடுவது சகஜமான தவறு.

ஊகித்துப் பேசும் இயந்திரம்

ஏ விதிப்படி விநாடிக்கு 64,000 பிட் செல்கிறது. கைபேசி வந்தபோது அதுவும் அதிகம் என்று தோன்றியது. வானலையில் இடம் குறைவு, பேசுவோர் பலர். இங்கேதான் மேலே கரும்பலகையில் எழுதிய ஊக முறை வேறோர் உருவில் மீண்டும் வருகிறது.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவர் நம் நாட்டவரான பிஷ்ணு அடல். 1933-இல் கான்பூரில் பிறந்து, லக்னோ சர்வகலாசாலையிலும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்திலும் பயின்று, அக்கழகத்திலேயே சில ஆண்டுகள் ஒலியியல் கற்பித்தவர். 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிச்சாலையிற் சேர்ந்தார். அங்கே மன்ஃப்ரெட் ஷ்ரோடருடன் கூடிப் பேச்சொலியை முந்தைய அளவுகளிலிருந்து ஊகித்தறியும் முறையை 1967-இல் வெளியிட்டார். ஜப்பானில் இட்டகுரா, சைட்டோ ஆகிய இருவரும் அதே காலத்தில் தனியாக இதேபோன்ற கருத்தை எட்டியிருந்தனர்.

பேச்சை ஏன் ஊகிக்க முடிகிறது? குரல் நாண் அதிர்கிறது. தொண்டையும் வாயும் அவ்வதிர்வைக் குழலைப்போல் உருவாக்கி வெளியிடுகின்றன. நாக்கும் உதடும் எவ்வளவு விரைந்து அசைந்தாலும், விநாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரத்திற்கு அக்குழலின் வடிவம் ஏறக்குறைய மாறுவதில்லை. ஆகவே அந்தச் சிறு நேரத்திற்குக் குழலின் வடிவம் இன்னது, அதனுள் செலுத்தப்பட்ட அதிர்வு இன்னது என்று சில எண்களால் அனுப்பிவிட்டால், மறுமுனையிலுள்ள கருவி அப்பேச்சைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ளும். அதாவது நாம் கைபேசியில் கேட்பது நண்பரின் குரலின் பிரதி அன்று. அவர் குரலைப்பற்றிய வர்ணனையைப் படித்து ஒரு கருவி பேசிக்காட்டுவதே ஆகும். இதை முதலில் அறிந்தபோது எனக்குச் சற்று மனக்கலக்கம் உண்டாயிற்று என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஃப்ளாக் முறைக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை ஊகத்தில் இல்லை; ஊகத்திற்குப்பின் எஞ்சும் பிழையை என்ன செய்கிறோம் என்பதில் உள்ளது. ஃப்ளாக் அப்பிழையை ஓர் எண்ணும் விடாமல் எழுதிவைக்கிறது. ஜி.எஸ்.எம். கைபேசிகளில் முதலில் வழங்கிய முறையோ அப்பிழையை மூன்றில் ஒன்றாகக் குறைத்து, அதையும் தோராயப்படுத்தி அனுப்பியது. 160 அளவுகள் கொண்ட ஒவ்வொரு துண்டும், ஏ விதியில் 1,280 பிட் ஆவது, அங்கே 260 பிட்டில் அடங்கியது. அடலும் ஷ்ரோடரும் 1985-இல் வெளியிட்ட மற்றொரு முறை இன்னும் துணிவானது. பிழை எப்படியெல்லாம் இருக்கலாம் என்று முன்கூட்டியே ஒரு மாதிரிப் புத்தகம் தயாரித்து, இருபுறமும் வைத்துக்கொள்வது. மிகவும் நெருங்கியது எதுவோ அதன் வரிசை எண்ணை மட்டும் அனுப்புவது. அன்றைய கிரே இயந்திரத்திற்கே ஒரு விநாடிப் பேச்சை இவ்வாறு ஆராய அதைப்போல் நூறு மடங்குக்கும் மேற்பட்ட நேரம் பிடித்தது. இன்று ஒவ்வொரு கைபேசியும் அதன் வழிவந்த முறைகளைப் பேச்சின் வேகத்திலேயே செய்து முடிக்கிறது. 1990-களின் நடுவில் வந்த ஜி.729 என்னும் டெலிபோன் முறையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. விநாடிக்கு 8,000 பிட் அதற்குப் போதும்.

இனி ஒரு நிமிடச் செய்தி ஒவ்வொரு வடிவத்திலும் எவ்வளவு இடம் கொள்கிறது என்று பார்ப்போம். சுருக்காத ஒரே தடப் பதிவு 52,92,000 பைட், ஃப்ளாக் ஏறத்தாழ அதிற் பாதி, ஏ விதி 4,80,000, ஜி.எஸ்.எம். 99,000, ஜி.729 60,000 பைட். மூலத்திற்கும் கடைசி வடிவத்திற்கும் இடையே எண்பத்தெட்டு மடங்கு வேற்றுமை இருக்கிறது.

மனிதப் பேச்சின் வர்ணனைக்காகவே இம்முறைகள் அமைந்தமையால், பேச்சு அல்லாதவற்றை இவை கெடுத்துவிடுகின்றன. செய்தியின் பின்னணியில் வீணையோ நாதஸ்வரமோ ஒலிக்கச் செய்தால், கருவி இரண்டையும் ஒரே தொண்டையிலிருந்து வருவதாகக் கொண்டு இரண்டையுமே குழப்பும். பின்னணி இசையை விரும்புவோர் பலர் உண்டு. முன்னும் பின்னும் சிறிது இசை வைக்கலாம், பேச்சின் அடியில் வேண்டாம் என்பதே நான் அவர்களுக்குக் கூறுவது.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

எங்கள் செய்தி மங்கிய காரணம் பின்னர் தெரியவந்தது. பதிவு அறையிலிருந்து மூலப் பதிவு அனுப்பப்படவில்லை. கடிதத்துடன் இணைப்பதற்கு இலகுவாயிருக்கட்டும் என்று யாரோ ஒருவர் அதை எம்பி3 வடிவில் மிகவும் சுருக்கி அனுப்பியிருந்தார். பெற்றுக்கொண்ட இடத்தில் அதிலிருந்து ஜி.எஸ்.எம். வடிவம் செய்தார்கள். டெலிபோன் நிலையம் அதை விரித்து ஏ விதியாக்கியது. கைபேசி வலை மறுபடியும் சுருக்கியது. கேட்டவரின் காதை அடையுமுன் ஒரே குரல் மூன்றுமுறை இழப்புடன் சுருக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறையும் புதிய கருவி, பேச்சை மட்டுமன்றி முந்தைய கருவி விட்டுச்சென்ற பிழையையும் பேச்சென்றே எண்ணி வர்ணிக்க முயல்கிறது. ஆகவே பிழை கூடுவதோடு நில்லாமல் பெருகுகிறது.

கடைசிச் சுருக்கத்தை, அதாவது கைபேசி வலை செய்வதை, நாம் தடுக்க இயலாது. மற்ற இரண்டையும் தவிர்க்கலாம். பதிவு அறையிலிருந்து ஃப்ளாக் அல்லது சுருக்காத கோப்பையே பெற வேண்டும். அதிலிருந்து நேராக, ஒரே முறையில், டெலிபோன் நிலையம் கேட்கும் வடிவத்திற்கு மாற்ற வேண்டும். வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை நமக்கிருப்பின் ஏ விதியைத் தேர்வதே மேல். ஜி.எஸ்.எம். வடிவம் இடத்தை மிச்சப்படுத்தும் என்ற வாதம் ஒரு காலத்தில் பொருந்தியது. நூறு நிமிடச் செய்திகள் ஏ விதியில் 4 கோடியே 80 லட்சம் பைட் கொள்ளும். இன்றைய மிகச் சிறிய நினைவட்டையும் அதைப்போல் பல மடங்கு கொள்ளுமாதலால் மிச்சம் பிடிப்பதற்கு இடமே இல்லை.

மாற்றும் வேலையைச் சாக்ஸ் போன்ற இலவச நிரல்கள் சில விநாடிகளில் செய்துவிடும். எனினும் உள்ளே நடப்பதன் வரிசையை அறிந்திருத்தல் நலம். முதலில் இரு தடங்களை ஒன்றாக்க வேண்டும். பின்னர் 3,400-க்கு மேற்பட்ட அதிர்வுகளை வடிகட்ட வேண்டும். அதன் பிறகே விநாடிக்கு 8,000 அளவாகக் குறைக்க வேண்டும். வடிகட்டாமல், ஐந்து அல்லது ஆறில் ஓர் அளவை மட்டும் பொறுக்கியெடுத்தால் விபரீதம் விளையும். சினிமாவில் விரைந்தோடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே காரணத்தால் 5,000 அதிர்வுடைய சீறொலி 3,000 அதிர்வுடைய வேறோர் ஒலியாக வேடமிட்டுப் பேச்சின் நடுவே புகுந்துகொள்ளும். அவ்வாறு புகுந்ததைப் பின்னர் எந்த வடிகட்டியாலும் பிரித்தெடுக்க முடியாது. நல்ல நிரல்கள் வடிகட்டலைத் தாமே செய்கின்றன. அவசரத்தில் எழுதப்பட்ட சில நிரல்கள் செய்வதில்லை.

ஒலியின் உச்சம் அளவுகோலின் பத்தில் ஏழு பங்கைத் தாண்டாதிருப்பது நல்லது. ஒரு தொகுப்பிலுள்ள எல்லாச் செய்திகளும் ஒரே உரப்பில் இருக்க வேண்டும். இல்லையேல் கேட்பவர் ஒன்றுக்குக் கைபேசியைக் காதோடு அழுத்திக்கொண்டும் மற்றொன்றுக்கு விலக்கிக்கொண்டும் இருக்க நேரும். ஏ விதிக் கோப்புகள் பெரும்பாலும் தலைப்புக் குறிப்பு இல்லாத வெறும் எண் வரிசைகளே. உள்ளே இருப்பது என்ன என்பதைப் பெயரின் ஈற்றெழுத்துகளைக் கொண்டே ஆஸ்டெரிஸ்க் போன்ற டெலிபோன் நிரல்கள் முடிவு செய்கின்றன. மாற்றாமல் பெயரை மட்டும் திருத்தி அனுப்பினால் இரைச்சலே கேட்கும்.

சொல்லின் தொடக்கத்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். இடத்தை மிச்சப்படுத்தும் பொருட்டுக் கோப்பின் முன்னுள்ள மௌனத்தை ஒட்ட நறுக்கிவிடுவது வழக்கம். விலை நிலவரம் போன்ற அறிவிப்புகளில் எண்கள் தனித்தனிக் கோப்புகளாய் இருந்து, தேவைக்கேற்பக் கோக்கப்படுகின்றன. இருபது, அறுபது, எழுபது ஆகிய மூன்றும் தமிழில் முதல் இரண்டு எழுத்துகளினால் மட்டுமே வேறுபடுகின்றன என்பதை நினைவிற் கொள்க. நறுக்கும்போது முதல் உயிரெழுத்தின் மெல்லிய தொடக்கம் போய்விட்டால், மூட்டைக்கு இவ்வளவு ரூபாய் என்ற செய்தி என்ன கதிக்கு ஆளாகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கால் விநாடி மௌனமேனும் முன்னே விட்டுவைத்தால் நஷ்டம் 2,000 பைட்தான்.

எல்லாவற்றிற்கும் மேலாக, செய்தியை எழுதுவோரே டெலிபோனை மனத்திற்கொண்டு எழுதலாம். ஆபத்தான பெயர் வருமிடத்தில் அதற்குத் துணையாக மற்றொரு சொல்லைச் சேர்க்க வேண்டும். "ஜிங்க் சல்பேட்" என்று மட்டும் கூறாமல் "நெல்லுக்கு இடும் ஜிங்க் சல்பேட் என்ற உரம்" என்றால், உரம் என்ற சொல் டெலிபோனின் குறுகிய வாயிலுக்குள் பழுதின்றி நுழைந்துவிடும். இருபத்தைந்து என்பதோடு நிறுத்தாமல் "இரண்டு, ஐந்து, இருபத்தைந்து கிலோ" என்று பிரித்தும் சேர்த்தும் கூறலாம். நடை சற்றுக் கெடும்தான். மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு அது உவப்பாயில்லை, ஆயினும் செய்துவருகிறேன்.

பள்ளிகளில் இதைச் சோதித்துக் காட்டுவது எளிது. ஒரு மாணவன் சல்பேட், பாஸ்பேட், பாஸ்பைடு, நைட்ரேட் முதலிய இருபது சொற்களை வரிசை கலைத்துப் படிக்கட்டும். அதைப் பதிவு செய்துகொள்க. ஆடாசிட்டி என்னும் இலவச நிரலைக் கொண்டு 8,000 அளவாகக் குறைத்து ஒரு பிரதியும், அதையே ஜி.எஸ்.எம். வடிவில் இரண்டுமுறை மாற்றி மற்றொரு பிரதியும் செய்க. மிகவும் மங்கியதிலிருந்து தொடங்கி மூன்றையும் வகுப்பில் ஒலிக்கச் செய்து, கேட்டதை மாணவர்கள் எழுதட்டும். வகுப்பின் பின்வரிசையில் இருப்போரின் தாள்கள் தனிக் கவனத்திற்குரியவை.

டெலிபோனின் வாயில் இப்போது அகன்றுவருகிறது. விநாடிக்கு 16,000 அளவுகள் எடுத்து 7,000 அதிர்வு வரை அனுப்பும் ஜி.722 என்னும் முறை 1988-இலேயே வகுக்கப்பட்டது. நான்காம் தலைமுறைக் கைபேசி வலைகளில் அதைப்போன்ற அகன்ற முறைகள் வழக்கத்திற்கு வந்துள்ளன. அவற்றில் சீறொலிகள் பெரும்பாலும் தப்பி வந்து சேர்கின்றன. ஆயின் வழியில் ஏதேனும் ஒரு நிலையம் பழைய 8,000 அளவு முறையில் இருந்தாலும், அல்லது கேட்பவரின் கருவி பழையதாயினும், முழு வழியும் குறுகியதாகிவிடுகிறது. நிலையம் அகன்ற முறைக்கு மாறும் நாளில், மூலப் பதிவை வைத்திருப்போர் அதிலிருந்து புதிய கோப்பு செய்துகொள்வார்கள். 8,000 அளவுக் கோப்பு மட்டும் உள்ளவர்களுக்கு அந்த வழி இல்லை. எண்களைப் பெருக்கலாமே தவிர, வெட்டப்பட்ட ஒலி திரும்பி வாராது.

எங்கள் தொகுப்பில் மொத்தம் நாற்பது செய்திகள் இருந்தன. பிழையான செய்தியைத் திருத்தி வெளியிட முனைந்தபோது, பதிவு அறையில் மூலம் அழிக்கப்பட்டிருந்தது தெரிந்தது. வட்டில் இடமில்லை என்று அழித்துவிட்டார்களாம். அறிவிப்பாளரான அம்மையார் அதற்குள் வேறு ஊருக்குச் சென்றுவிட்டார். எனவே ஒரு செய்தியை மட்டும் மற்றொருவரைக் கொண்டு பேசச் செய்தோம். அத்தொகுப்பு வழக்கில் இருந்தவரை முப்பத்தொன்பது செய்திகள் ஒரு குரலிலும், ஜிங்க் சல்பேட்டைப்பற்றியது மட்டும் வேறொரு குரலிலும் ஒலித்துவந்தன.